650 ரூபாய் மாடித்தோட்ட செட் வாங்கலாமா?

தை மாதக் கடைசியில் எங்கள் தெருமுனைத் தோட்டச் சாமான் கடையில் "கோடைக்கால செட்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். 650 ரூபாய். ஆறு பச்சைப் பை, ஐந்து கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று, வெண்டை, கொத்தவரை, தக்காளி, பீர்க்கன், கத்தரி, தண்டுக்கீரை என ஆறு விதைப் பொட்டலம், ஒரு சின்ன பாட்டில் வேப்பெண்ணெய். மதுரை வெயிலில் மொட்டைமாடியில் என்ன முளைக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் வாங்கினேன். இப்போது ஆனி பிறந்துவிட்டது, ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தாயிற்று.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கிப் பெரிய அண்டா நிறைய வருகிறது, ஆனால் அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகுதான் மண்ணோடு கலக்க வேண்டும் என்று உறையில் ஒரு வரி கிடையாது. நான் அப்படியே கொட்டினேன். முளைத்த வெண்டைக்கன்று எல்லாம் இலை ஓரம் கருகிப் போனது. வெயில் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றினேன், இன்னும் மோசமானது. எல்லாவற்றையும் கொட்டி அலசி, பாதிக்குப் பாதி செம்மண்ணும் மட்கிய சாணி எருவும் சேர்த்து மறுபடி விதைத்ததில் இருபது நாள் போச்சு.

பைகள் பரவாயில்லை. ஒன்றில் மட்டும் தூக்கும்போது கைப்பிடி தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. பையை வெறும் தளத்தில் வைக்காதீர்கள், அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள், இல்லையென்றால் சித்திரையில் தளத்துச் சூடே வேரை அவித்துவிடும்.

தக்காளி விதையை எதற்குக் கோடை செட்டில் வைத்தார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. செடி நன்றாகத்தான் வளர்ந்தது, பூவும் கொத்துக் கொத்தாக வந்தது, ஆனால் 35 டிகிரிக்கு மேல் பகல் காய்ந்து ராத்திரியும் புழுங்கினால் பூ பிஞ்சு பிடிக்காது, காம்போடு உதிர்ந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் தினமும் காலையில் பெருக்கி எடுத்தேன், ஒரு காய் இல்லை. மீதி விதையை ஆடிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். கத்தரி இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது. வெண்டையில் மாவுப்பூச்சி வந்தது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு அடித்ததில் அடங்கியது.

கொடுத்த காசுக்குப் பலன் என்றால் கொத்தவரைதான். வெயில் காயக் காய அது பாட்டுக்குக் காய்த்தது. வைகாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு கை அள்ளு. பொரியல், பருப்பு உசிலி, மறுபடி பொரியல். "ஏத்தா, இன்னைக்கும் கொத்தவரங்காயா?" என்று அத்தை தட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மறுநாள் அவரே வத்தல் போட உட்கார்ந்துவிட்டார். காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து வடித்து, புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய வேட்டியில் பரப்பினார். சாயங்காலம் மீண்டும் அதே மோருக்குள், மறுநாள் மீண்டும் வெயிலுக்கு. மோர் வற்றி, முறத்தில் போட்டால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை, எங்களுக்கு நாலு நாள் ஆனது. தக்காளிப் பூவைக் கொன்ற அதே வெயில்! ஒரு கிலோ காய் வற்றி அரை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வந்தது. ரசச் சோற்றுக்கு ஆறேழு பொரித்தால் போதும், கடையில் சின்னப் பாக்கெட் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பீர்க்கனில் தோல்கூட வீணில்லை, உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைத்துவிடலாம். இலைக்குப் பின்னால் ஒளிந்து முற்றிப்போன ஒன்றைக் கொடியிலேயே காயவிட்டு நார் எடுத்தோம், இப்போது பாத்திரம் தேய்க்கிறோம். தண்டுக்கீரையில் இலை கடைசலுக்கு, தண்டு சாம்பாருக்கு. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் பைக்குத்தான் போனது, சித்திரையில் மட்டும் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், பொட்டலத்தில் நாட்டு விதையா, ஹைபிரிட் என்கிற கலப்பின விதையா என்று போடவில்லை. நார் எடுத்தபோது உதிர்ந்த விதையைச் சாம்பலில் பிசறி வைத்திருக்கிறேன், தாய்க்கொடி மாதிரியே காய்க்குமா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். புதிதாகத் தொடங்குபவர் வாங்கலாம், கோகோபீட்டை மட்டும் மறக்காமல் அலசுங்கள். ஏற்கெனவே பை இருப்பவர்கள் செட்டை விட்டுவிட்டுக் கொத்தவரையும் பீர்க்கனும் தனியாக வாங்குங்கள். தக்காளிக்குப் பதில் சுரை விதை வைத்துக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன், "செட்டைப் பிரிக்க முடியாதுக்கா" என்றுவிட்டார்.