டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லையா? சர்வீஸுக்குப் போன் போடும் முன் இதைப் படியுங்கள்

மடிப்பாக்கத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவிடமிருந்து 6,300 ரூபாயை ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லை, பிரச்சினை அவ்வளவுதான். அதற்குக் காரணம் ஒரு புளியங்கொட்டை. மெஷினைத் தயாரித்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் செய்த வேலை இது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள், அவர்களிடமும் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. பாத்திரம் தேய்க்க முடியாது என்பதால்தான் மெஷின் வாங்கினோம். அன்று காலை கதவைத் திறந்தால் அடியில் கலங்கலாகத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது, ஒரே நாற்றம். நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அம்மாவே போனில் கம்பெனி பெயரையும் 'சர்வீஸ் சென்டர் சென்னை' என்பதையும் போட்டுத் தேடி, முதலில் வந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். முதலில் வந்தது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அது விளம்பரம் என்பது பொடி எழுத்தில் இருக்கும், 68 வயதுக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? போனை எடுத்தவரும் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் பேசினாராம்.

மதியத்துக்குள் ஆள் வந்துவிட்டார். அடையாள அட்டை இல்லை, புகார் எண் இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் ஃபில்டரைத் தொடக்கூட இல்லை. "தண்ணிய வெளிய தள்ளுற ட்ரெயின் மோட்டார் போயிடுச்சும்மா, மாத்தணும். ஒரிஜினல் என்கிட்டயே இருக்கு" என்றிருக்கிறார்.

"என்ன தம்பி, நாலு வருஷம்கூட ஆகலையே?"

"போர் தண்ணிம்மா. உப்பு ஏறிடுச்சு."

எங்கள் ஏரியாவில் இதைச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள், அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. உப்புத் தண்ணீரால் கண்ணாடி டம்ளரில் வெள்ளை படியும், ஹீட்டரில் படிவு சேரும். ஆனால் தண்ணீர் திடீரென்று வடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடைப்புதான்.

அடுத்து அவர் செய்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "ஷாக் அடிக்கும்மா, நீங்க ஹால்ல உக்காருங்க" என்று அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே மக்கால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டதாம். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "பாருங்க, சுத்தமா போயிடுச்சு." ஸ்டார்ட் பட்டனைத் தட்டினார், புதுத் தண்ணீர் உள்ளே ஏறும் சத்தம் வந்தது. "ஓடுது பாருங்க" என்று சொல்லி, வந்ததற்கு 450, மோட்டாருக்கு 5,850 என்று ஒரு தனி ஆள் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தத் தண்ணீர் வெளியே போகும் நேரம் வரும்போது அவர் தெருவிலேயே இல்லை. மெஷின் மறுபடி கூவிக்கொண்டு நின்றுவிட்டது.

திரும்ப அழைத்தால் "அது போர்டு கம்ப்ளைன்ட்டும்மா, தனியா 9,500 ஆகும்" என்று பதில். நான் வாங்கிப் பேசினேன். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லையே என்று கேட்டதும் லைன் கட், அதன்பிறகு என் நம்பரையும் அம்மா நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

வாரன்டி கார்டில் இருந்த எண்ணுக்கு நானே அடித்தேன். உடனே புகார் எண்ணோடு மெசேஜ் வந்தது. வந்த டெக்னீஷியன் அம்மாவைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். தண்ணீரை மொண்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, ஃபில்டரைக் கழற்றினார். அதன் கீழே இருந்த பம்ப் மூடியை ஒரு ஸ்பூனால் நெம்பி எடுத்து டார்ச் அடித்தார். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரத்தை விரலால் தள்ளினால் அசையவே இல்லை. இடுக்கியால் எடுத்தார், புளியங்கொட்டை. ஃபில்டரைக் கழுவ எடுக்கும்போது மேலே தங்கியிருந்தது குழிக்குள் விழுந்திருக்கும் என்றார். அப்புறம் அவர் காட்டியதைப் பார்த்துத்தான் அம்மா உட்கார்ந்துவிட்டார். அந்த மாடலில் மோட்டாரை மாற்ற வேண்டுமென்றால் மெஷினை வெளியே இழுத்து அடித்தகட்டைக் கழற்ற வேண்டுமாம். மெஷின் கால்களைச் சுற்றி இருந்த தூசி கலையாமல் அப்படியே இருந்தது. எந்த மோட்டாரையும் யாரும் மாற்றவில்லை.

பணம் போனதைவிட, "என்னால உனக்கு நஷ்டம்" என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. தம்பி தம்பி என்று மோர் கொடுத்து உபசரித்தவரை இப்படிச் செய்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் தண்ணீர் நின்றால் யாரையும் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை இவை. முதலில் ப்ரோக்ராமை கேன்சல் செய்யுங்கள். பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகி, தண்ணீரை வெளியேற்றப் பார்க்கும். அப்போது காதை வைத்துக் கேளுங்கள். உறுமல் கேட்டும் தண்ணீர் போகவில்லை என்றால் அநேகமாக அடைப்பு. சத்தமே இல்லை என்றால்தான் மோட்டாரையோ வயரையோ சந்தேகப்பட வேண்டும். டிஸ்ப்ளேயில் வரும் பிழைக் குறியீடும் உதவும். பாஷ் மெஷின்கள் பலவற்றில் ஈ24 என்றால் வெளியேற்றும் ஹோஸ், ஈ25 என்றால் பம்ப் அடைப்பு அல்லது பம்ப் மூடி சரியாக உட்காராதது. எல்ஜியில் ஓஈ (OE) என்று காட்டும்.

பிறகு ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் சூடாக இருந்தால் ஆறட்டும். கையுறை கட்டாயம், உடைந்த கண்ணாடிச் சில்லு கிடக்கலாம். ஃபில்டரைத் திருகி எடுத்துப் பழைய டூத் பிரஷால் குழாயடியில் தேயுங்கள். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் நார் எல்லாம் வரும். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்ப் சக்கரம் உள்ளே காந்தம் இருப்பதால் வெட்டி வெட்டித்தான் சுற்றும், அது கோளாறு இல்லை. ஃபில்டருக்குக் கீழே கொஞ்சம் தெளிந்த தண்ணீர் எப்போதும் நிற்கும், அதையும் காட்டிப் பயமுறுத்துவார்கள்.

அடுத்து ஹோஸ். சிங்க்கின் கீழே குப்பைக் கூடையோ எண்ணெய் டின்னோ அதை நசுக்கியிருக்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் நுனியைச் சிங்க் பைப்பிலிருந்து கழற்றி ஒரு பக்கெட்டில் விட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டி, ப்ளக்கைச் செருகி மறுபடி ரீசெட் கொடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் நன்றாகக் கொட்டினால் மெஷினில் கோளாறே இல்லை, அடைப்பு சிங்க் பைப்பில். அதற்கு பிளம்பர் போதும்.

இதற்குப் பிறகும் ஆள் தேவைப்பட்டால் நம்பரை நெட்டில் தேடாதீர்கள். வாரன்டி கார்டு, கையேடு, கம்பெனியின் சொந்த ஆப், இவற்றில் இருந்து மட்டும் எடுங்கள். 'பத்து ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று லிங்க் அனுப்பினாலோ போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள், வங்கிக் கணக்கே காலியாகும். வந்தவர் ஃபில்டரைத் திறக்காமல் மோட்டார் என்று சொன்னால் வாசலைக் காட்டுங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். தண்ணீர் ஏறி, முழுதாக வடிந்து முடிவதை நின்று பார்க்காமல் பணம் தராதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், அதில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 15 இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும்.

நாங்கள் 1930க்கு அழைத்து சைபர் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் போனவுடன் அழைத்தால்தான் அதை முடக்க வாய்ப்பு அதிகம், எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தோம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை என்பதால் அங்கேயும் போகப்போகிறேன். அந்த விளம்பரம் இன்றும் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தென்சென்னையில் வேறு யாருக்காவது இதே 'மோட்டார் மாற்றிய' பில் கிடைத்திருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.