கொரியன் சிக்கன் தின்னப் போய் 1,796 ரூபாய்: பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கொரியன் கடையில் போன ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஏமாந்தோம். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடைப் பெயரைப் போடப்போவதில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறவன். காலையிலிருந்து ராத்திரிவரை பில்லும் வரியும்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே சாப்பிட்ட கையோடு ஜிபேயில் பணத்தைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பாக்கெட்டிலிருந்த பில்லைப் படித்தேன். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மகள் பிளஸ் டூ. ராத்திரி பன்னிரண்டு மணிவரை கொரியன் தொடர் பார்க்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். திறப்புவிழாச் சலுகை, ஒரு பிளேட் வாங்கினால் ஒரு பிளேட் இலவசம் என்று ஒரு ரீல்ஸைக் காட்டினாள். கடை வாசலிலும் அதே வாசகத்தோடு ஆள் உயரப் பலகை. சரி, பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை என்று நானும் மனைவியும் மைத்துனர் பையனுமாக நாலு பேர் போனோம். உள்ளே நுழைந்ததும் ஒரு தம்பி குனிந்து 'அன்யோங்ஹாசேயோ' என்றார். அடுத்த மூச்சிலேயே "எத்தன பேருங்ணா?" என்றார். அதுவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து சிக்கன் வந்தது. இந்தச் சிக்கனின் சூட்சுமமே இரண்டு தடவை பொரிப்பதில் இருக்கிறது என்று மகள் வழியெல்லாம் பாடம் எடுத்திருந்தாள். முதலில் மிதமான எண்ணெயில் வேகவிட்டு, எடுத்து ஆறவைத்து, அப்புறம் நல்ல சூட்டில் மறுபடி போடுவார்களாம். ஈரம் போய்விடுவதால் மேலே கோச்சுஜாங் சாஸைப் புரட்டினாலும் மொறுமொறுப்பு நிற்குமாம். கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், பசையரிசி, சோயா எல்லாம் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. எங்கள் தட்டில் வந்ததோ, தட்டுவடை செட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஊர்க்கதை பேசினால் எப்படி நமத்துப்போகுமோ அந்தப் பதத்தில் இருந்தது. சாஸில் தக்காளி கெச்சப் வாசனை. மகள் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "அப்பா, இது நம்ம சிக்கன் 65தான். சாஸ ஊத்தி எள்ளத் தூவிட்டாங்க" என்றாள். முகம் சுண்டிப்போய்விட்டது. மாதக்கணக்கில் ஆசைப்பட்டது பாவம்.

ருசி அவரவர் நாக்கு. அதற்காக ஒரு பதிவு போடமாட்டேன். பில்லுக்கு வருகிறேன்.

சிக்கன் இரண்டு பிளேட், 449 வீதம் 898. இரண்டாவது இலவசம் அல்லவா? திங்கள் முதல் வியாழன் வரை மட்டும்தானாம், பலகையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறதாம். ராமியான் நூடுல்ஸ் 299. மொஹிட்டோ இரண்டு, 298. முள்ளங்கி ஊறுகாய் 60. இந்த முள்ளங்கியை நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு குட்டிக் கிண்ணத்தில் எட்டுத் துண்டு, அவர்களாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பரோட்டாக் கடையில் வெங்காயப் பச்சடி வைப்பதுபோல என்று நினைத்துத் தின்றுவிட்டோம். கொரியாவில் சிக்கனோடு சும்மாவே வருகிற சாமான் அது.

ஆக 1,555. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 155 ரூபாய் 50 காசு. அந்த சர்வீஸ் சார்ஜையும் கூட்டி, அந்தத் தொகைமேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி, 85 ரூபாய் 52 காசு. மொத்தம் 1,796.

சர்வீஸ் சார்ஜ் என்பது நாமாக விருப்பப்பட்டால் கொடுப்பது. ஓட்டல்கள் அதைத் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் சங்கங்கள் வழக்குக்குப் போயும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உறுத்தியது வரிதான். தொழில் புத்தி, பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை எடுத்து ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பார்த்தேன். பதினைந்து எழுத்து இருக்கும், தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் போட்டால் போதும், லாகின்கூட வேண்டாம். அந்தக் கடை காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதாக வந்தது. வருட வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கிற ஓட்டல் இந்தத் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தால் விற்பனையில் ஐந்து சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது. வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று பில்லின் தலையிலேயே அச்சடிக்கவும் வேண்டும். இவர்களோ மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்து அழகாகப் போட்டிருக்கிறார்கள். சர்க்காருக்குப் போகிற காசு என்று நாமும் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். ஒரு மேஜைக்கு 85 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எத்தனை மேஜை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை கடை முடிந்து நேரில் போனேன். கல்லாவில் இருந்தவர் முதலாளி மகனாம். சர்வீஸ் சார்ஜ் பற்றிக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் 155 ரூபாயைத் திருப்பிப் போட்டுவிட்டார். இதுவரை எத்தனை பேருக்கு இப்படித் திருப்பியிருப்பாரோ. முள்ளங்கிக்குச் சிரித்தார். ஜிஎஸ்டி என்று வாயெடுத்ததும் சிரிப்பு போய்விட்டது. "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க சார்." நானும் அந்தத் தொழில்தான் தம்பி, ஆடிட்டர் நம்பரைக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. அதற்குப் பதில் 200 ரூபாய் கூப்பன் ஒன்றை நீட்டினார். 1,500 ரூபாய்க்குமேல் சாப்பிட்டால் செல்லும் கூப்பன்.

அன்று ராத்திரியே தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் (எண் 1915) புகார் பதிந்து புகார் எண்ணும் வாங்கிவிட்டேன். பில்லின் படமும் ஜிஎஸ்டி தளத்தில் வந்த பக்கத்தின் படமும் இணைத்திருக்கிறேன். இதே கடையில் இந்த மாதம் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால், பில்லைத் தூக்கிப் போடாமல் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.