பழைய ஷூரா, புது ஆடியோ டெக்னிகாவா?

கொழிஞ்சாம்பாறை வீட்டில் அப்பா விட்டுப்போன டர்ன்டேபிளில் ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜ் இருக்கிறது; ரெக்கார்டு தட்டில் ஓடும் ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்னப் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். நான் புதிதாக வாங்கியது ஆடியோ டெக்னிகா விஎம்95இ. ஒரே நாகஸ்வர ரெக்கார்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

பழையதன் உடம்பில் கம்பிச்சுருள் அறுந்தாலொழியக் கவலையில்லை. கெடுவது ஊசிதான். ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் வயதானால் இறுகும். வைரமுனை தேயாவிட்டாலும் பாட்டு கரகரக்கும், தட்டும் பாழாகும். 2018-இல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ செய்த மாற்று ஊசியைப் போட்டேன். தவில் நெஞ்சில் வந்து மோதியது! எம்44-7 தரும் மின்னழுத்தம் 9.5 மில்லிவோல்ட், விஎம்95இ தருவது 4 மட்டுமே. மின்னழுத்தம் கூடினால் சத்தமும் கூடும்; அதனால் சத்தத்தைச் சமமாக்கிக்கொண்டு மறுபடி கேட்டேன்; அப்போதும் தவிலுக்குப் பழையதுதான்.

வயலினுக்கும் குரலுக்கும் புதியது. ஊசி தட்டை 2 கிராம் எடையில் அழுத்த, அலுங்காமல் ஓடுகிறது. கார்ட்ரிட்ஜ் ஒன்றுமே கையில் இல்லாதவர்கள் இதையே வாங்குங்கள். பழையது இருப்பவர்கள் ஊசியை மட்டும் மாற்றுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் தாத்தா காலத்துத் தட்டுகளுக்கு, பிந்தைய எல்பி (நீண்ட நேரம் ஓடும் தட்டு) ஊசி ஆகாது, பள்ளம் அகலம். விஎம்95 உடம்பிலேயே அந்தத் தட்டுகளுக்கான எஸ்பி என்ற ஊசியை மாட்டிக்கொள்ளலாம்.