பாம்பிள்மூஸ் தோட்டமா, கியூர்பிப் தோட்டமா?

போர்ட் லூயி சந்தை நெரிசலில் அலுத்துப்போன விருந்தாளிகள் "அமைதியா ஒரு இடம் சொல்லுங்க" என்றால், மொரீஷியஸில் நம் வீடுகளில் இந்த இரண்டு தாவரவியல் தோட்டங்களைப் பற்றித்தான் பேச்சு வரும்.

செலவு: பாம்பிள்மூஸில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. கியூர்பிப்பில் இலவசம்.

போய்வர: பாம்பிள்மூஸுக்கு பஸ். கியூர்பிப்புக்கு 2022 முதல் மெட்ரோ ஓடுகிறது.

வானிலை: பாம்பிள்மூஸில் வெயில் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். மேட்டு நிலமான கியூர்பிப்பில் எந்நேரமும் மழை வரலாம், குடை அவசியம்.

பார்க்க: பாம்பிள்மூஸ் பெரியது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் ஜாதிக்காய், கிராம்பு என்று வாசனைப் பயிர்களை வளர்த்த இடம். குளத்து ராட்சத அல்லியின் இலை, விளிம்பு மடித்த தாம்பாளம் மாதிரி மிதக்கும். பூ முதல் நாள் வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு. தாளிப்பனை பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்து மடிந்துவிடும். அப்புறம் ராட்சத ஆமைகள். குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

கியூர்பிப்பில் நான் சொல்லக்கூடியது ஒரு மரம்தான். ஹையோஃபோர்பே அமரிகாலிஸ் என்ற பனைவகை. உலகத்திலேயே அந்த இனத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் மலராததால் தானாக இனம் பெருகவில்லை. வேலிக்குள் ஒல்லியாக நிற்கும் அதைப் பார்க்காமல் தீவை விட்டுப் போவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

முதல்முறை வருபவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் பாம்பிள்மூஸுக்கே போகட்டும். கூட்டம் வேண்டாம், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கியூர்பிப்.