கும்பகோணத்திலிருந்து சென்னை: திருச்சி விமானமா, இரவு ரயிலா?

திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்னை என்று எல்லோரும் ஆசை காட்டுவார்கள். பொய்யில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடியது; வெறும் கணக்குக்கு 35 நிமிடம். ஓடுபாதைவரை ஊர்வது, ஏறுவது, மீனம்பாக்கத்தில் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஒரு மணி நேரமாகிறது.

இரண்டிலும் போய்ப் பார்த்துவிட்டு இப்போது இரவு ரயிலோடு நின்றுவிட்டேன்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கும்பகோணத்துக்குச் சென்னை வடகிழக்கே, திருச்சி மேற்கே. இங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 240 கிலோமீட்டர்தான். தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டித் திருச்சி போய்ச் சேரும்போது, சென்னைக்கான தூரம் 50 கிலோமீட்டர் கூடியிருக்கும்! அந்தக் காசுக்கும் நேரத்துக்கும் நாம் வாங்குவது இதைத்தான்.

சாலை முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. தஞ்சாவூர் தாண்டி வல்லம், செங்கிப்பட்டிவரை வண்டி பறக்கும். துவாக்குடியில் ஆரம்பிக்கும் பாருங்கள், திருவெறும்பூர்வரை லாரியும் கம்பெனி பஸ்ஸும். அதனால் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். கவுண்டர் மூடுவதற்குள் போகவேண்டும், பாதுகாப்புச் சோதனை வேறு. அதற்கு ஒன்றரை மணி. பயணம் ஒரு மணி. பெட்டி வந்து, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக இன்னும் ஒரு மணிக்கு மேல். ஆறு மணி நேரம் ஓடிவிட்டது, அதுவும் பகலில், கண் மூடாமல்.

இரவு ரயிலான உழவன் எக்ஸ்பிரஸுக்கும் ஏறக்குறைய அதே ஆறு மணி நேரம்தான். சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய்ப் படுத்தால் விடிவதற்குள் சென்னை. கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; திருச்சிக்கு டாக்ஸி வாடகையே ரயில் டிக்கெட்டைத் தாண்டிவிடும். கல்யாணத்துக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி எடுத்துப் போகிறவர்கள் விமானத்தில் பெட்டிக்கு உள்ள 15 கிலோ வரம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலின் தொல்லை டிக்கெட். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு அன்றைக்கே தீர்ந்துபோகும். அப்போதும், திடீர்ச் சாவு, ஆஸ்பத்திரி என்று பகலில் ஓட வேண்டியிருந்தாலும், விமானம் கை கொடுக்கும். நடக்க முடியாத பெரியவர்களை நான் விமானத்தில் கூட்டிப்போனதில்லை. சக்கர நாற்காலி வசதியைப் பார்த்தால் அவர்களுக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது, ஆனால் கார் பயணத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தஞ்சாவூருக்கு மேற்கே, வல்லம் பக்கம் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு விமான நிலையம் ஒரு மணி நேரம்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்களுக்கும் திருச்சியிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது. சென்னையில் வெளிநாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் ரயிலில் எழும்பூர்வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால், எதிரே விமான நிலையம்.