60 ஆயிரம் கடன் வாங்கி டென்டல் அசிஸ்டண்ட் கோர்ஸ் படிச்சேன், ஒர்த்தா?

சித்தி பொண்ணு போன வாரம் நான் படிச்ச அதே இடத்துல சேரப்போறேன்னு நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பிச்சா. அவளுக்கு வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சு அது பன்னெண்டு நிமிஷம் போயிடுச்சு, சரி இதையே எழுதிட்டா நாலு பேருக்கு ஆகும்னு எழுதுறேன். இன்ஸ்டிடியூட் சென்னைக்குள்ளதான், பேரு வேணாம். ஆறு மாச சர்டிபிகேட் கோர்ஸ்.

மொதல்ல காசு. போன்ல கேட்டப்போ 45 ஆயிரம்னாங்க, அட்மிஷன் அன்னிக்கு எக்ஸாம் ஃபீஸ், யூனிஃபார்ம், "கிட்"டுன்னு ஒவ்வொண்ணா ஏத்தி 60 ஆயிரத்துல கொண்டாந்து நிறுத்துனாங்க. கிட்னா பெருசா ஒண்ணும் இல்லங்க, ஒரு மவுத் மிரர், ஒரு ப்ரோப், ஒரு ட்வீசர், ஒரு பாக்ஸ் கிளவுஸ், ரெண்டு ஏப்ரன். கையில அவ்ளோ இல்லன்னதும் கவுன்சிலர் மேடம் பக்கத்து டேபிள்ல உக்காந்திருந்த லோன்காரரை கூப்டாங்க. ஆதார், பான், அம்மா கையெழுத்து, அரை மணி நேரத்துல முடிஞ்சுது. "14 பர்சென்ட்தான்மா, யாரும் தரமாட்டாங்க"ன்னாரு. மாசம் 3,200, 24 மாசம்.

வீட்டுக்கு வந்து பெருக்கி பாத்தா 76,800. வட்டி மட்டும் 16,800. அது ஃப்ளாட் ரேட்டுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, நான் மாசாமாசம் அசலை கட்டி குறைச்சுக்கிட்டே வர்றேன் ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 60 ஆயிரத்துக்கும் ஓடுது. பேங்க்ல வேலை பாக்குற எதிர் வீட்டு அண்ணன் குறையுற அசலுக்குன்னு போட்டு காட்டுனாரு, 25 பர்சென்ட் கிட்ட வருது! இந்த நம்பர் என் லோன் பேப்பர்லயே இருந்திருக்கு. 2024 அக்டோபர்லேர்ந்து ரிசர்வ் பேங்க் ரூல்படி இந்த மாதிரி லோனுக்கெல்லாம் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் தரணும், அதுல ஏபிஆர்னு போட்டிருக்கறதுதான் எல்லா செலவும் சேர்ந்த வட்டி. நான்தான் ஓடிபி சொல்ற அவசரத்துல கவனிக்கல.

இஎம்ஐ அடுத்த மாசம் 5ஆம் தேதியே ஆரம்பிச்சுடுச்சு. கோர்ஸ் முடியறதுக்குள்ள 19,200 போச்சு, எல்லாம் அம்மா பிளவுஸ் தெச்ச காசு.

கிளாஸ் எப்டின்னா, இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் எடுத்த மேடம் மட்டும் தங்கம். ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவில கிருமி நீக்குற மெஷின்) 121 டிகிரி, 15 பவுண்ட் பிரஷர், 15 நிமிஷம், கருவி வெச்ச பவுச் ஈரமா இருக்கும்போது வெளிய எடுக்காதீங்கன்னு அவங்க சொன்னதை தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். குப்பையை கலர் பாத்து பிரிக்கறதும் அப்டித்தான், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், கிளவுஸ் சிவப்பு, ஊசி வெள்ளை டப்பா, கண்ணாடி நீலம், இது இன்னிக்கு வரைக்கும் தெனம் உதவுது. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸ், மூணாவது ஆறாவது மாசம்தான் வரும், அதனால கோர்ஸ் சேர்ற வாரமே மொதல் டோஸ் போட்ருங்கன்னு சொன்னதும் அவங்கதான் (காசு நம்முளுதுதான், அதுல ஃப்ரீ கிடையாது).

பிராக்டிகல்தான் கொடுமை. 22 பேருக்கு ஒரே ஒரு டென்டல் சேர், அதுலயும் கம்ப்ரஸர் முக்காவாசி நாள் ரிப்பேர். பல்லு அளவு எடுக்குற ஆல்ஜினேட்டை ஆறு மாசத்துல ஒரே ஒரு தடவை கலக்க விட்டாங்க. அதோட பலன் அண்ணா நகர்ல ஒரு கிளினிக்ல சேர்ந்த ரெண்டாவது நாளே தெரிஞ்சுது. மே மாசம், டாக்டர் அளவு எடுக்க ரெடியா நிக்கிறாரு, நான் சிங்க் பைப்பை திறந்து தண்ணி புடிச்சு கலக்குறேன், ட்ரேக்கு மாத்தறதுக்குள்ள பவுல்லயே ரப்பர் பந்து மாதிரி கெட்டியாயிடுச்சு. பேஷண்ட் வாயை திறந்தபடியே பாக்குறாங்க.

"தண்ணி எங்க புடிச்ச?"ன்னு கேட்டாங்க சீனியர் அக்கா.
"பைப்புலக்கா."
"மொட்டை மாடி டேங்க் தண்ணி இந்த வெயில்ல வெந்நிதான் வரும். ஃப்ரிட்ஜ்ல எதுக்கு ஒரு பாட்டில் வெச்சிருக்கேன்னு நெனச்ச?"

சூடு ஏற ஏற ஆல்ஜினேட் சீக்கிரம் செட் ஆயிடும். இதை எனக்கு சொல்லிக் குடுத்த அக்கா எந்த கோர்ஸும் படிக்கல, ரிசப்ஷன்ல ஆரம்பிச்சு எட்டு வருஷமா அங்க இருக்காங்க, சம்பளம் 16 ஆயிரம்.

எனக்கு? இன்ஸ்டிடியூட்ல 18லேர்ந்து 20 வரும்னாங்க, வந்தது 10 ஆயிரம். பிளேஸ்மென்ட்னா ஒரு வாட்ஸ்அப் குரூப், அதுல வேலை விளம்பரத்தை ஃபார்வர்ட் பண்ணுவாங்க, அவ்ளோதான். இந்த கிளினிக்கை நானேதான் தேடினேன். இஎம்ஐ போக கையில 6,800. டைமிங் காலைல 10லேர்ந்து 1.30, மறுபடி 5லேர்ந்து 9.30, நடுவுல வியாசர்பாடில இருக்கற வீட்டுக்கு போய்ட்டு வர முடியாது. பிங்க் பஸ் ஃப்ரீங்கறதால காலைல செலவில்ல, ராத்திரி அது வரலன்னா ஷேர் ஆட்டோதான். இஎஸ்ஐ வேணும்னா பத்து பேராவது வேலை பாக்கணும், எங்க கிளினிக்ல டாக்டரையும் சேர்த்தே நாலு பேர்.

இப்போ முக்கியமான கணக்கு. எனக்கு அப்புறம் கோர்ஸ் எதுவும் படிக்காத ஒரு பொண்ணு சேர்ந்தா, அவளுக்கு 8 ஆயிரம். அப்போ என் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு மாசம் ரெண்டாயிரம். நான் போட்டது 76,800, கிளாஸ்ல உக்காந்திருந்த ஆறு மாசம் அவள மாதிரி வேலைக்கு போயிருந்தா வந்திருக்க வேண்டிய 48 ஆயிரம், மொத்தம் 1,24,800. ரெண்டாயிரம் ரெண்டாயிரமா இது திரும்பி வர 62 மாசம் ஆகும், அஞ்சு வருஷத்துக்கு மேல. அதுக்குள்ள அவ சம்பளமும் ஏறாமயா இருக்கும்?

அதுக்காக படிக்கவே வேணாம்னு சொல்ல வரல. ஃபீஸ் 20, 25 ஆயிரத்துக்குள்ள இருந்து, கடன் இல்லாம கட்ட முடிஞ்சு, ரெண்டு மாசமாவது நெஜ கிளினிக்ல விடுறாங்கன்னா சேரலாம். கடன் வாங்கியே ஆகணும்னா மொதல்ல பேங்க்ல ஸ்கில் லோன் கேளுங்க, 2024-ல லிமிட்டை ஒன்றரை லட்சத்துலேர்ந்து ஏழரை லட்சமா ஏத்தியிருக்காங்க. கோர்ஸ் என்எஸ்க்யூஎஃப்ல (தொழில் பயிற்சிகளுக்கு மத்திய அரசு வெச்சிருக்கற தர வரிசை) வருதான்னும் கேளுங்க. எங்க இடத்துல ஐஎஸ்ஓன்னு செவுத்துல பெருசா போட்டிருந்தாங்க, அது வேற, இது வேற. இன்ஸ்டிடியூட்டை விசாரிக்கறதுக்கு முன்னாடி உங்க ஏரியால நாலு கிளினிக் ஏறி "இந்த சர்டிபிகேட் இருந்தா எவ்ளோ தருவீங்க, இல்லன்னா எவ்ளோ"ன்னு கேட்டுட்டு வாங்க, ஒரு சாயங்காலம் போதும்.

சித்தி பொண்ணு பயோ மேத்ஸ் குரூப், அவளுக்கு நான் சொன்னது வேற. 1948 டென்டிஸ்ட்ஸ் ஆக்ட்ல டாக்டரை விட்டா ஹைஜீனிஸ்ட் (பல்லு சுத்தம் பண்றவங்க), மெக்கானிக் (செயற்கை பல்லு செய்றவங்க) ரெண்டு பேருக்குத்தான் ரெஜிஸ்டர் வெச்சாங்க, அசிஸ்டண்ட்டுக்கு இல்ல. நான் காமர்ஸ், எனக்கு அந்த வழி இல்ல, அவளுக்கு இருக்கு. கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்கற கவர்ன்மென்ட் டென்டல் காலேஜுக்கு போய் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ பத்தி நேர்ல விசாரிடின்னேன். ரெண்டு வருஷம் ஆகும்தான்.

ரேட்டிங் 5க்கு 2, ரெண்டும் அந்த மேடத்துக்கு.

அவ ஏற்கனவே 500 ரூபா அட்வான்ஸ் கட்டிட்டாளாம், ரீஃபண்ட் கிடையாதாம், அதுக்காகவாச்சும் சேரணுமேக்கான்னு கேக்குறா. 500 போனா போகட்டும்னு சொல்லியிருக்கேன்.