அடிஷாம் பங்களாவும் அதன் பின்னால் போகும் பாதையும்

அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அடிஷாம் பங்களாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முன்வாசலில் படம் எடுத்து, கடையில் ஜேம் போத்தலொன்று வாங்கி, அரைமணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் திரும்பினேன். இம்முறை பங்களாவை ஒட்டிய தங்கமலைக் காட்டின் ஊடாக இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் வரை நடந்த பிறகு, அங்கு போவதற்கான முதற்காரணமே அந்த நடைதான் என்று சொல்லத் துணிகிறேன்.

பங்களாவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பிரித்தானியப் பிரதமராக இருமுறை இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரனான தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே சூட்டி, 1931இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை அது. 1960களின் தொடக்கத்திலிருந்து புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாக இருப்பதால், வரவேற்பறை, நூலகம் போன்ற ஒருசில பகுதிகளை மட்டுமே பார்க்கலாம். வார இறுதியிலும் பௌர்ணமி நாளான போயா தினங்களிலும் பாடசாலை விடுமுறைக் காலத்திலுமே வாசல் திறந்திருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு, துரை பங்களா ஒன்றின் முன்வாசல் வழியாக நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நுழைவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டெனக் குறைகிறது. பாசி போர்த்திய மரங்களும் காலடியில் அமுங்கும் சருகுமாக, மலைமுகட்டை ஒட்டியே பாதை செல்கிறது. காதோரம் மஞ்சள் இறகுக்கொத்துடைய, இலங்கை மலைநாட்டைத் தவிர வேறெங்கும் காணக் கிடைக்காத கொண்டைக்குருவியொன்று, கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் பழம் கொத்திக்கொண்டிருந்தது. நான் நின்றதையும் பொருட்படுத்தவில்லை. அதை இரசித்து நின்ற இரண்டு நிமிடத்தில் மூன்று அட்டைகள் காலுறைக்குள் புகுந்திருந்தன. கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா செய்ததைப் போலக் கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

குறையென்றால், பாதை பிரியும் இடத்தில் வழிகாட்டிப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. நகரிலிருந்து என்னை ஏற்றிவந்த முச்சக்கரவண்டிக்காரரோ, அப்படியொரு பாதையே இல்லையென்று சாதித்து, திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துக் கூலி பேசப் பார்த்தார். விறகுக்கட்டுடன் எதிரே வந்த அம்மா ஒருவர்தான், "கீழ் ரோட்டுல எறங்கிறாதீங்க தம்பி, மேல் ரோட்டையே புடிச்சுப் போங்க, ரயில் ரோட்டு வந்துரும்" என்று வழி சொன்னார். அவர் சொன்னபடியே தண்டவாளம் வந்தது.

கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் மேலான உயரத்தில், ஒடுங்கிய முகட்டில் அமைந்திருக்கும் இதல்கஸ்ஹின்ன நிலையத்தில் நின்றால், ஒருபுறம் ஊவாவின் மலைகளையும் மறுபுறம் தெற்கே தாழ்ந்து செல்லும் நிலத்தையும் பார்க்கலாம். நண்பகலுக்குப் பின் மூடுபனி ஏறிவிட்டால் இரண்டும் இல்லை. ஆகையால் காலையிலேயே புறப்படுவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் நடைக்கு மிகவும் ஏற்றவை. அப்புத்தளைக்குத் திரும்பும் ரயிலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போனதால், ஒன்றரை மணிநேரம் மேடையில் காத்திருந்து, வீட்டுக்கென்று வாங்கிய கொய்யா ஜெலியில் பாதியைக் கையிலிருந்த பாணுடன் அங்கேயே தின்று தீர்த்தேன்.